வெடித்த செரமிக் பூச்சாடிக்கு எந்த ஒட்டு? கொழும்புக் கடைகளில் கிடைப்பவை பற்றி ஒரு மதிப்பீடு

வெடித்த பூச்சாடியை வீட்டிலேயே ஒட்டப் போகிறவர் வாங்க வேண்டியது மெதுவாக இறுகும் எப்பொக்சிப் பசை. அரல்டைற் என்ற பெயரில் எல்லாருக்கும் தெரிந்த, இரண்டு ரியூப்பாக வரும் பசையின் ஸ்ராண்டர்ட் வகை அதுதான். பழைய சோனகத் தெருவிலும் சரி, வெள்ளவத்தைக் காலி வீதியிலும் சரி, ஹார்ட்வெயர் கடையில் "சாடி ஒட்டப் பசை தாங்கோ" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் சுப்பர் குளூவையோ ஐந்து நிமிட எப்பொக்சியையோ எடுத்து நீட்டுவார்கள். கண்முன்னே ஒட்டிக் காட்டும் பசைக்குத்தான் கிராக்கி. ஆனால் பூச்சாடி அலுமாரியில் வைக்கும் கோப்பை அல்ல. உள்ளே எப்போதும் ஈரம், வெளியே வெயிலும் மழையும், பக்கங்களை வெளித்தள்ளும் மண்ணும் வேரும். இந்த மூன்றையும் தாங்குமா என்று பார்த்துத்தான் ஒவ்வொரு பொருளையும் கீழே மதிப்பிட்டிருக்கிறோம்.

பசைக்கு முன் சாடியைத் தெரிந்துகொள்ள வேண்டும். செரமிக் சாடி என்று விற்பவை எல்லாம் ஒரே இனமல்ல. சாடியைக் கவிழ்த்து, கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சு படாத அடிவிளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் அது குறைந்த சூட்டில் சுட்ட மண். மேலே எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே மொலகொடக் குயவர் கிராமத்து மண்சாடியின் உறவுதான். தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் தண்ணீர் குடிக்கக்கூடியது. சொட்டு அப்படியே நின்றால் அது உயர்ந்த சூட்டில் சுட்ட ஸ்ரோன்வெயர். ஒட்டுவதற்கு இது எளிது, ஏனென்றால் காய வைக்க அதிக காலம் எடுக்காது. அடுத்து, வெறும் சாடியை விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். முழுச் சாடி கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தாலும் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். ஒரு வெடிப்பை ஒட்டிவிட்டு இன்னொன்றைக் கவனிக்காமல் மண் போடுவதை இந்தத் தட்டல் தடுக்கும்.

ஏன் வெடித்தது என்பதும் முக்கியம். குளிர்நாட்டு வழிகாட்டிகள் உறைபனியைப் பற்றியே பேசும். கொழும்பில் அதற்கு வேலையில்லை. இங்கே முதல் குற்றவாளி வேர். மருள், கமுகு வகைகள், ஆல அரச இனங்கள் போன்றவை சாடியை நிரப்பிய பிறகு சுவரைத் தள்ளத் தொடங்கும். வாய் குறுகி வயிறு பருத்த சாடியில் வேருருண்டைக்கு மேலே எழும்ப வழியில்லை, ஆகவே பக்கம்தான் பிளக்கும். இரண்டாவது, தண்ணீர் வடியும் துளை அடைபட்டுக் களிமண் ஊறிப் பருத்தல். மூன்றாவது, நடுப்பகல் வெயிலில் சூடேறிய சாடியில் திடீர் மழை விழுதல். கடற்கரையை ஒட்டிய மாடிகளில் உப்பும் சேரும்: கடற்காற்றிலும் உரத்திலும் உள்ள உப்பு சுட்ட மண்ணுக்குள் ஊறி, காயும்போது பளிங்காகி, கிளேஸை உள்ளிருந்து உரித்துத் தள்ளும். வெள்ளைப் பொருக்கோடு கிளேஸ் செதில் செதிலாக உதிரும் சாடியை ஒட்டிப் பயனில்லை. பசை பிடிப்பதற்கு உறுதியான மேற்பரப்பே அங்கு இருக்காது.

சுப்பர் குளூ

இது ஈரப்பதத்தைக் கொண்டு இறுகும் பசை, ஆகவே கொழும்புக் காற்றில் நொடியில் பிடிக்கும். ஆனால் மெல்லிய, நொறுங்கும் படலம். இடைவெளியை நிரப்பாது, சுட்ட மண்ணில் பூசினால் துளைகள் அதைக் குடித்துவிட்டு இணைப்பை வெறுமையாக விட்டுவிடும். தொடர்ந்து ஈரத்தில் இருந்தால் மெல்ல வலுவிழக்கும். கை விரலளவு துண்டொன்று விளிம்பில் பெயர்ந்திருந்தால், அல்லது எப்பொக்சி இறுகும்வரை துண்டை நகராமல் பிடிக்க ஓரத்தில் ஒரு பொட்டு வேண்டியிருந்தால் பயன்படுத்தலாம். சாடியின் உடலை ஒட்ட வேண்டாம்.

ஐந்து நிமிட எப்பொக்சி

கலந்த பிறகு ஐந்து நிமிடம் என்று அட்டையில் இருப்பது 23 அல்லது 25 பாகை செல்சியஸ் அறையைக் கருதிய கணக்கு. கொழும்பின் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். வெப்பம் 10 பாகை கூடினால் நேரம் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொது விதி. எனவே நான்கு துண்டாக உடைந்த சாடியில் மூன்றாவது துண்டைப் பொருத்துமுன் பசை நூலாக இழுக்கத் தொடங்கிவிடும். இழுபடும் பசையை அழுத்திப் பொருத்தினால் பார்க்க ஒட்டியதுபோல் இருக்கும், ஆனால் மேற்பரப்பை அது நனைத்திருக்காது. விரைவு வகைகள் பொதுவாக நீண்டகால ஈரத்தையும் மெதுவான வகை அளவுக்குத் தாங்குவதில்லை. ஒரே ஒரு துண்டு, மண் படாத விளிம்பு என்றால் போதும். அதற்கு மேல் இல்லை.

ஸ்ராண்டர்ட் எப்பொக்சி

நமது தேர்வு இதுவே. ஒன்றரை மணி நேரம் வேலை செய்யலாம் என்று அட்டை சொன்னால் இங்கே அதில் பாதியை நம்புங்கள், அதுவே தாராளம். துளைகளுக்குள் ஊற அவகாசம் கிடைக்கிறது, துண்டுகளை நகர்த்திச் சரிசெய்ய முடிகிறது, இறுகிய பின் ஈரத்துக்கு அசையாது. குறைகளும் உண்டு. வெயில் பட்டால் மஞ்சளாகி மேலே மாவாக உதிரும், ஆகவே வெளியே தெரியும் கோட்டுக்கு மேல் பெயின்ற் வேண்டும். முழு வலுவுக்கு ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். ஈர மண் போடும் வேலைக்கு நாம் ஏழு நாள் விடச் சொல்வோம்.

அளவில் பிழைத்தால் இந்தப் பசை மன்னிக்காது. பெரும்பாலான வகைகளில் கனவளவில் 1க்கு 1. தராசில் சம எடை போட்டு எடுப்பது வேறு கணக்கு, ஏனென்றால் இரண்டு பாகங்களின் அடர்த்தியும் ஒன்றல்ல. பசையை இறுக வைக்கும் பாகமான ஹாட்னரைக் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்பது பலரிடமும் உள்ள நம்பிக்கை. உண்மையில், கூடிய பாகம் இணைய ஆளின்றி மிஞ்சி, ஒட்டு என்றென்றும் பிசுபிசுத்து நிற்கும். பழைய ரைல்ஸ் துண்டின் மேல் இரண்டையும் ஒரே நீளக் கோடாகப் பிதுக்கி, அடியையும் ஓரங்களையும் சுரண்டிச் சுரண்டி இரண்டு நிமிடமாவது கலக்க வேண்டும். சுவர் 1 சென்ரிமீற்றர் தடிப்பு, உடைவு 30 சென்ரிமீற்றர் நீளம் என்றால் வீணாவதையும் சேர்த்து அரைத் தேக்கரண்டிப் பசை போதும். ஆகவே மிகச் சிறிய பெட்டியே ஒரு சாடிக்குக் காணும். பெரிய பெட்டி வாங்கத் தேவையில்லை.

எப்பொக்சிப் பட்டி

எம்-சீல் போன்ற, இரண்டு நிறக் கட்டியாக வந்து பிசைந்து சேர்க்கும் பொருள். இதைப் பசையாக எண்ணி உடைவுக்குள் வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தால் துண்டுகள் ஒரு மில்லிமீற்றராவது விலகி நிற்கும், கடைசித் துண்டுக்கு இடம் இருக்காது. இதன் இடம் நிரப்புவது: காணாமற்போன சில்லு, உட்பக்கத்து வெடிப்பின் பள்ளம், அடித்துளையின் உடைந்த ஓரம். நிறக் கோடுகள் முழுதும் மறையும்வரை பிசைந்து, பள்ளத்தில் அழுத்தி, நனைத்த விரலால் மழுக்க வேண்டும். இறுகிய பின் சாண்ட் பேப்பரால் தேய்க்கலாம், பெயின்ற் ஏறும். இந்த வேலைக்கு இதைவிடச் சிறந்தது கடையில் இல்லை.

கார்ப் பட்டியைச் சில கடைகள் இதற்குப் பதிலாகத் தரும். அது பொலியெஸ்ரர், தேய்க்க இலகு, ஆனால் ஈரத்தை உறிஞ்சி மெல்லக் கழன்றுவிடும். சாடியின் உள்ளே வைக்க வேண்டாம். வெள்ளைச் சீமெந்தோ காயும்போது சுருங்கும், கிளேஸில் பிடிக்கவே பிடிக்காது. அது சீமெந்துச் சாடிகளுக்கு உரியது. வெள்ளைத் தச்சுப் பசை தண்ணீரில் இளகும். அதைப் பற்றி மேலும் பேசத் தேவையில்லை.

சிலிக்கன்

உடையாமல் நூல்போல் கசியும் வெடிப்புக்கு, உட்பக்கத்தில் மட்டும், நல்ல பொருள். சூட்டில் சாடி விரிந்து சுருங்க, அதுவும் சேர்ந்து இழுபடும். ஆனால் பாரம் தாங்காது. வாங்குமுன் இரண்டு விடயம் பாருங்கள். வினாகிரி மணம் வரும் வகை சீமெந்துப் பரப்பில் நன்றாகப் பிடிக்காது. சீமெந்துச் சாடிக்கு நியூட்ரல் என்று அச்சிட்டதை எடுக்க வேண்டும். குளியலறை வகைகளில் பூஞ்சண மருந்து கலந்திருப்பதுண்டு. புதினா, கறிவேப்பிலை, துளசி வைக்கும் சாடிக்கு மீன்தொட்டி வகையே ஏற்றது. இன்னொரு எச்சரிக்கை: சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு எப்பொக்சியோ பெயின்றோ ஒட்டாது. "இப்போதைக்குச் சிலிக்கன் பூசுவோம், பிறகு பார்ப்போம்" என்ற எண்ணம் பிறகு பார்க்கும் வழியையே அடைத்துவிடும்.

தங்க நிறக் கோடு போடும் ஜப்பானியப் பாணிப் பெட்டிகளும் இணையத்தில் விற்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை எப்பொக்சியும் மினுக்கத் தூளும்தான். உண்மையான முறையில் பயன்படுவது உருஷி என்னும் மரப்பால் அரக்கு. அந்த அரக்கு வெயிலில் கெடும். வரவேற்பறைச் சாடிக்கு அழகு, முற்றத்துக்கு அல்ல.

ஒட்டும் முறை

எப்பொக்சி தோற்கும் இடங்களில் பெரும்பாலும் பசை குற்றவாளி அல்ல, ஈரம்தான். மண்ணைத் தட்டி எடுத்து, உடைந்த முகங்களைப் பழைய பல் தூரிகையால் கழுவுங்கள். வெள்ளை உப்புக்கு வினாகிரியும் தண்ணீரும் சமபங்கு கலந்து தேய்த்து, பிறகு ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஓரிரவு ஊற வைத்தால் உப்பு வெளியேறும். பச்சைப் பாசி முழுதும் போக வேண்டும். இனிக் காய வைத்தல். தொட்டால் காய்ந்திருக்கிறது என்பது சுட்ட மண்ணில் எதையும் சொல்லாது. ஒரு துண்டை சமையலறைத் தராசில் காலை மாலை நிறுத்துக் குறியுங்கள். எடை இறங்குவது நின்றால்தான் உள்ளீரம் போனது. நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள், மழைக்காலத்தில் மின்விசிறிக்கு முன்னால் ஒரு வாரமும் ஆகலாம். கொழும்பில் மழை குறைந்த தை, மாசி மாதங்கள் இதற்கு மிக வாய்ப்பானவை. ஐப்பசி, கார்த்திகையிலும் வைகாசிப் பருவமழையிலும் அவசரப்படாதீர்கள்.

பசை கலக்குமுன் எல்லாத் துண்டுகளையும் வெறுமனே பொருத்திப் பாருங்கள். சோக்கட்டியால் உட்பக்கத்தில் இலக்கமிட்டு வரிசையை முடிவு செய்யுங்கள். சில உடைவுகளில் இரண்டு துண்டை முதலில் ஒட்டிவிட்டால் மூன்றாவது நுழைய வழியே இராது. அடியிலிருந்து மேலே போவது பாதுகாப்பு. கிளேஸ் இல்லாத வெளிப்பக்கமென்றால் உடைவின் இரு கரையிலும் மாஸ்கிங் ரேப் ஒட்டி வைக்க வேண்டும். ரேப் இல்லாமல், வழியும் பசையைத் துடைக்கப் போனால் அது துளைகளுக்குள் இறங்கி நிரந்தரக் கறையாகும். கிளேஸ் மேல் வழிந்ததை ஸ்பிரிற் தொட்ட துணியால் துடைத்துவிடலாம், அல்லது றப்பர் பதத்தில் பிளேட்டால் சீவலாம். கைக்கு நைற்றில் எனும் செயற்கை றப்பர் கையுறை போடுங்கள். எப்பொக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். பட்டால் சவர்க்காரமும் தண்ணீரும், அசெற்றோன் அல்ல.

இரண்டு முகங்களிலும் மெல்லிய படலம். சுட்ட மண் உறிஞ்சினால் சில நிமிடம் விட்டு இன்னொரு கை பூசுங்கள். பொருத்தி அழுத்தும்போது ஓரத்தில் மணி மணியாகப் பசை எழுந்தால் அளவு சரி. தடித்த பசை வலுவைக் கூட்டாது. ஒவ்வொரு இணைப்பிலும் அரை மில்லிமீற்றர் கூடினால் கடைசித் துண்டு நுழையாது. இறுக்கிப் பிடிக்க, சைக்கிள் ரியூப்பை இரண்டு விரல் அகலப் பட்டியாக வெட்டி, இழுத்து இழுத்துச் சாடியைச் சுற்றிக் கட்டுவதைவிட நல்ல வழி எதுவுமில்லை. வட்டமாக எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் கிடைக்கும், எப்பொக்சியும் றப்பரில் வலுவாக ஒட்டாது. ரியூப் எந்த சைக்கிள் கடையிலும் கழிவாகக் கிடைக்கும். விளிம்புத் துண்டுக்கு ஒரு பேசின் மணலில் சாடியைச் சாய்த்து, ஒட்டிய துண்டின் பாரம் நேர் கீழே இறங்கும்படி நிறுத்துங்கள்.

முழுதும் உடையாத மயிரிழை வெடிப்புக்கு வேறு முறை. முதலில் வெடிப்பு முடியும் நுனியில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போட வேண்டும். விசை எல்லாம் கூரிய நுனியில் குவிவதால்தான் வெடிப்பு வளர்கிறது. வட்டத் துளையில் அது பரவிவிடும். ரைல்ஸ் துளைக்கும் அலகு, மெதுவான வேகம், இடையிடையே தண்ணீர். ட்ரில்லின் ஹமர் விசையை அணைத்தே ஆகவேண்டும். துளையிட்ட பின் மறுபடியும் முற்றாகக் காய வைத்து, வெடிப்பின் வழியே ஹெயர் ட்ரையரால் சூடாக்கி, கலந்த எப்பொக்சியைக் கோட்டின் மேல் இழையுங்கள். சூட்டில் பசை தண்ணீராகி வெடிப்பு தானாகவே அதை உறிஞ்சும். உறிஞ்சுவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப வையுங்கள். பிறகு உட்பக்கத்தில் கோட்டை 2 மில்லிமீற்றர் ஆழத்துக்கு அரத்தால் கீறிப் பட்டியால் நிரப்பலாம். கீறும்போது முகமூடி அணியுங்கள், இந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

வெடிப்பு அடித்துளைக்கூடாகப் போனால் துளை அடைபடும் ஆபத்து உண்டு. எண்ணெய் தடவிய ஸ்ட்ரோ ஒன்றைத் துளைக்குள் நிறுத்தி அதைச் சுற்றிப் பட்டி வையுங்கள், இறுகியதும் இழுத்துவிடலாம். கொழும்பில் தண்ணீர் தேங்கும் சாடியும் அடித்தட்டும் டெங்கு நுளம்புக்கு இடம் கொடுக்கும் என்பதால் இதில் கவனக்குறைவு கூடாது. ஒட்டக் காத்திருக்கும் துண்டுகளையும் முற்றத்தில் மல்லாத்தி வைக்காதீர்கள்.

பெரிய சாடிக்குப் பசை மட்டும் போதாது. குறுக்கு 30, உயரம் 30 சென்ரிமீற்றர் உள்ள நேர்ச்சாடிக்குள் 21 லீற்றர் மண் பிடிக்கும். சாதாரணத் தோட்ட மண் நனைந்தால் 30 கிலோ அளவு வரும். உட்பக்கத்தில் இணைப்பு நெடுக ஒரு சாண் அகலக் கண்ணாடி இழைத் துணியை எப்பொக்சியால் ஒட்டினால் வலு பலமடங்கு கூடும். படகு திருத்தும் பொருட்கள் விற்கும் இடங்களில் இந்தத் துணி கிடைக்கும். இரண்டாவது படலம் பூசுமுன், முதல் படலத்தின் மேல் எண்ணெய்போல் வழுக்கும் பூச்சு தெரிந்தால் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துக் காய வையுங்கள். ஈரக் காற்றில் எப்பொக்சி அப்படி வியர்க்கும், அதன்மேல் எதுவும் பிடிக்காது. விளிம்புக்குக் கீழே வெளிப்பக்கத்தில் ஸ்ரெயின்லெஸ் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றிக் குறட்டால் முறுக்குவது பழைய வழி. இன்றும் சரியான வழி. கல்வனைஸ் கம்பி கடற்காற்றில் துருப்பிடித்து கிளேஸில் செங்கறை விடும்.

கடைசிப் பாதுகாப்பு உட்பூச்சு. தூளும் திரவமுமாக வரும், மொட்டைமாடி ஒழுக்குக்குப் பூசும் சீமெந்து வகைக் கலவை இதற்கு நன்றாக உதவும். எப்பொக்சிக்கு நேர்மாறாக இது ஈரப்பரப்பைக் கேட்கும். சுவரை நனைத்துத் துடைத்துவிட்டு, ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் முதற்கை நெடுக்காகவும் மறுகை குறுக்காகவும் பூச வேண்டும். வழுவழுப்பான எப்பொக்சிக் கோட்டில் இது பிடிக்காது. ஆகவே உட்பக்கத்துக் கடைசி எப்பொக்சி பிசுபிசுக்கும்போதே காய்ந்த மணலைத் தூவி வைத்துவிடுங்கள். பூச்சு இறுகிய பின் சில நாள் தண்ணீர் நிரப்பி ஊற்றினால் சீமெந்தின் காரம் தணியும். அந்தூரியம் போன்றவற்றுக்கு இது அவசியம்.

ஒட்டிய சாடிக்குள் நேரே மண் போடாமல், அளவான பிளாஸ்ரிக் சாடியில் செடியை வைத்து உள்ளே இறக்குவதையே நாம் முதலில் பரிந்துரைப்போம். வேரின் தள்ளலைப் பிளாஸ்ரிக் வாங்கிக்கொள்ளும். நேரே மண்தான் போட வேண்டுமென்றால் தும்புத்தூளும் மக்கிய உரமும் கூடிய கலவை போட்டுப் பாரத்தைக் குறையுங்கள், சாடியை விளிம்பில் பிடித்துத் தூக்காதீர்கள், அடியில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் கட்டை கொடுத்துத் தண்ணீர் வடிய வழி விடுங்கள். ஒட்டிய சாடியைத் தொங்கவிடவோ, கீழே ஆட்கள் நடமாடும் பல்கனிச் சுவர்மேல் வைக்கவோ கூடாது. எந்தப் பசையும் அதற்கு உத்தரவாதம் இல்லை.

மிஞ்சிய பசையை வைக்கும்போது ரியூப் மூடிகளை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். மாறினால் மூடி இறுகி ரியூப் திறக்கவே மாட்டாது. வெயில் படாத, சூடில்லாத அலுமாரியில் நிறுத்தி வையுங்கள். ஹாட்னர் அல்லாத மற்றப் பாகமான ரெசின் வெண்மையாகக் கட்டியாகியிருந்தால் கெட்டுவிட்டது என்று எறிய வேண்டாம். பெரும்பாலும் அது பளிங்காகியிருப்பதுதான். மூடியைத் தளர்த்தி, சுடுதண்ணீரில் ரியூப்பை நிறுத்தித் தெளியும்வரை சூடாக்கி, முற்றாக ஆறிய பின் வழமைபோல் கலக்கலாம்.